வீடு பார்ப்பதா? திக்குப் பார்ப்பதா?

பிழைப்பை உத்தேசித்து ஊரைவிட்டுச் சென்னைக்குக் குடிபோக நினைக்கும் தோழர்களுக்கு வீடு பார்ப்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறோம். ஏனெனில், காலணாக் கத்தரிக்காயைக்கூடப் புரட்டிப் பார்த்து வாங்கும் நம் மக்கள், வருடக்கணக்கில் குடியிருக்கப் போகிற வீட்டைப் பார்க்கும்போது மாத்திரம் புத்தியை ஊரிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். வாசற்படி எந்தத் திக்கு, அடுப்பு எந்த மூலை, ஆடி கழிந்ததா என்று கேட்கிறார்களே ஒழிய, மழை பெய்தால் தண்ணீர் எந்தத் திக்கிலிருந்து வரும் என்று கேட்கிறவர்கள் எத்தனை பேர்?

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், கோட்டூர்புரம் முதலிய இடங்களில் வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் வெள்ளம் சூழ்ந்தது. அங்கெல்லாம் வாஸ்து பார்த்த வீடே இல்லையா? கிழக்கு வாசலைக் கண்டு வெள்ளம் கும்பிட்டுத் திரும்பிற்றா? பள்ளிக்கரணை என்பது சதுப்பு நிலம். அதில் மண்ணைக் கொட்டி மனை போட்டால், தண்ணீர் தன் இடத்தைத் தேடி வரத்தான் செய்யும். ஆகவே தரகரைக் கேளாமல் தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரைக் கேளுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறை எவ்வளவு உயரம் என்று பாருங்கள்.

நிற்க, வாடகை விஷயம். கூடுவாஞ்சேரியில் வாடகை குறைவு என்பதைமட்டும் கொண்டு முடிவு செய்வது கணக்காகாது. வேலை கிண்டியிலோ எழும்பூரிலோ என்றால், கடற்கரை - செங்கற்பட்டு மின்சார ரயிலே போதும், லாபம்தான். வேலை அம்பத்தூரில் என்றால், மிச்சம் பிடித்த வாடகை வழிச்செலவிலும், உடம்பு வழியலைச்சலிலும் போய்விடும். வாடகையோடு வழிச்செலவு, லாரித் தண்ணீர், மின்சாரம், பராமரிப்பு ஆகியவற்றையும் கூட்டி, இரண்டு மூன்று பகுதிகளை ஒரே காகிதத்தில் எழுதிப் பாருங்கள். ஜாதகம் பார்க்கிற நேரத்தில் பாதி போதும்.

அட்வான்ஸ் என்பதாகப் பத்து மாத வாடகை கேட்பது சென்னை வழக்கம். மாதம் 15,000 ரூபாய் என்றால் 1,50,000 ரூபாய்! 2017-ம் வருடத்து வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமுலுக்கு வந்தது. வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது என்கிறது அது. அதாவது 45,000 ரூபாய். எனவே கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பேசுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

இவ்வளவும் பொருந்தினாலும் கடைசியில் ஒரு கேள்வி காத்திருக்கிறது: “நீங்கள் என்ன ஆட்கள்?” சிலர் அதையே மரியாதையாக, “சைவமா?” என்று கேட்கிறார்கள். வாடகைப் பணத்தில் தீட்டு இல்லையாம், கொடுக்கிறவனிடத்தில்தான் தீட்டாம்! தீண்டாமையின் பேரால் ஒருவர் ஒரு பகுதியில் குடியிருப்பதைத் தடுப்பது 1955-ம் வருடத்துச் சட்டப்படி குற்றம். அப்படியிருந்தும், கேட்கிறவனுக்கு வெட்கமில்லை. பதில் சொல்கிற நமக்கல்லவா நாக்குக் கூசுகிறது? “வாடகை தவறாமல் கொடுக்கிற ஆட்கள்” என்பதற்குமேல் பதில் சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

மேல்ஜாதி என்று சொல்லிக்கொள்ளும் தோழர்களையும் கேட்கிறோம். அந்தக் கேள்விக்குப் பெருமையோடு பதில் சொல்லி நீங்கள் வீடு பிடிக்கிறீர்களே, உங்களுக்குத் திறந்த அந்தக் கதவு எத்தனை பேருக்கு அடைபட்டது என்று யோசித்தீர்களா? பட்டணம் போனால் ஜாதி போய்விடும் என்பது வெறும் பேச்சு. நாம் சுமந்து போகாவிட்டால்தான் அது போகும்.