‘பிரேக் பிடிக்கவில்லை’ என்றொரு வாக்கியம்

மலைப்பாதையில் பேருந்து ஒன்று கவிழ்ந்தால் மறுநாள் நாளிதழில் நாம் வாசிப்பது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: பிரேக் பிடிக்கவில்லை. ஒரு கவிதையில் ஒரு சொல் இடம் மாறியதற்காக மாதக்கணக்கில் சண்டையிடும் நாம், இந்த வாக்கியத்தை மட்டும் மென்று பாராமல் விழுங்கிவிடுகிறோம். அதன் எழுவாயைக் கவனியுங்கள். பிடிக்காமல் போனது பிரேக். ஏதோ அதற்கு அன்று மனமில்லை என்பதுபோல. ஓட்டுநரோ பட்டறையோ வண்டியை வழியனுப்பியவர்களோ எவரும் அந்த வாக்கியத்துக்குள் இல்லை. விதி என்று எழுதக் கூசிய இடத்தில் நம் செய்தித்தமிழ் பிரேக் என்று எழுதிக்கொள்கிறது என்பதே எங்கள் குற்றச்சாட்டு.

பெரிய பேருந்துகளும் லாரிகளும், பேருந்துச் சட்டத்தின்மேல் கட்டப்படும் ‘கேரவன்’ எனும் வீட்டு வண்டிகளும் காற்றால் நிற்பவை. இன்ஜினோடு சுழலும் கம்ப்ரசர் காற்றை அழுத்தித் தொட்டிகளில் நிரப்புகிறது. மிதியை அழுத்தினால் அந்தக் காற்று சக்கரத்தருகே உள்ள பிரேக் சேம்பருக்குப் பாய்கிறது. ஹேண்ட் பிரேக்கின் கதை தலைகீழானது. அங்கே பிரேக்கைப் பிடித்திருப்பது ஒரு கனத்த சுருள்வில். காற்று அதை அழுத்தி விலக்கி வைத்திருக்கிறது. காற்று முற்றும் இறங்கினால் வில் விரிந்து சக்கரத்தைக் கவ்விவிடும். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872இல் ரயிலுக்கு வடித்த தானியங்கி பிரேக்கும் இதே அறத்தில் நின்றது: காற்றுக் குழாய் அறுந்தால் ரயில் ஓடக்கூடாது, நிற்கவேண்டும்.

அப்படியானால் ஒழுகும் வண்டி ஏன் மலையில் ஆளைக் கொல்லவேண்டும்? சிறிய ஒழுக்கை ஓடும் கம்ப்ரசர் மறைத்துவிடும். சமவெளியில் மாதக்கணக்கில் மறைத்துக்கொண்டேயிருக்கும். மலையில் அந்தச் சாமர்த்தியம் செல்லாது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குக்குச் சற்றே மேல். கம்ப்ரசர் அதே சுற்று சுற்றினாலும் உள்ளிழுக்கும் காற்று குறைவு. விடியற்குளிரில் ரப்பர் வளையங்கள் விறைத்து, பகலில் ஒழுகாத இணைப்புகூட ஒழுகும். தொட்டியின் அடியில் தேங்கிய ஈரம் வால்வுகளை அரிக்கும். இனி இறக்கம். வளைவுக்கு வளைவு மிதியை அழுத்தி விடும்போதெல்லாம் தொட்டியில் காற்று குறைகிறது. அழுத்தம் பாதியளவுக்கு இறங்கினால் சுருள்வில் முழுதாகக் கவ்வாமல் லேசாக உரசத் தொடங்கும், டிரம் சூடேறும், சூடேறிய லைனர் பிடிப்பை இழக்கும். 15 டன் எடையுள்ள வண்டி 1,800 மீட்டர் இறங்கும்போது ஏறத்தாழ 73 யூனிட் மின்சாரத்துக்கு இணையான ஆற்றலை எங்காவது கொட்டியாக வேண்டும். சிறிய கியரில் இறங்கினால் இன்ஜின் அதில் பெரும்பங்கைத் தாங்கும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கினால் எல்லாம் டிரம்மின் தலையில். போதாக்குறைக்கு இன்ஜின் மெதுவாகச் சுற்றுவதால் கம்ப்ரசரும் சோம்பும்.

ஆக, ‘பிடிக்கவில்லை’ என்பது கடைசி நொடியின் பெயர். அதற்கு முந்தைய நாட்களுக்கு நம் செய்திகளில் பெயரே இல்லை.

அந்த நாட்களில் ஒழுக்கு சும்மா இருப்பதில்லை. இரவு நிறுத்திய வண்டியில் காலையில் முள் பூஜ்யத்தில் கிடப்பது அதன் முதல் வாய்மொழி. கண்டுபிடிக்கும் வழியும் எளியது. சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, காற்றை முழுதாக நிரப்பி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து ஒரு நிமிடம் முள்ளைப் பார்க்கவேண்டும். பிறகு மிதியை அழுத்திப் பிடித்தபடி இன்னொரு நிமிடம். அமெரிக்காவில் கனரக ஓட்டுநர் உரிமத் தேர்விலேயே இது உண்டு: தனி வண்டியில், மிதியை அழுத்திய நிலையில் நிமிடத்துக்கு 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக்கூடாது. மிதித்தால் மட்டும் ஒழுகினால் சேம்பரின் டயாஃப்ரத்தையோ அதற்குப் போகும் குழாயையோ சந்தேகிக்கலாம். மிதிக்காமலே இறங்கினால் தொட்டி, குழாய், இணைப்பு. சோப்பு நீரைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஆனால் சத்தம் வரும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் எப்போதும் ஒன்றல்ல. ரிலே வால்வின் வாயில் சீறும் காற்று, பின் சக்கரத்துச் சேம்பரின் உள்வளையம் தேய்ந்து, குழாய் வழியே திரும்பி வந்ததாக இருக்கலாம். ஹேண்ட் பிரேக்கைப் போட்டதும் அந்தச் சீறல் நின்றால் நோய் அங்கேதான். இதை அறியாதவர் நல்ல வால்வைக் கழற்றிப் புதியதை மாட்டிப் பணமும் வாங்கிக்கொள்வார், சீறல் தொடரும். அறிந்த மெக்கானிக்கின் காது ஒரு விமர்சகனின் காதைவிடக் குறைந்ததென்று எங்களால் ஒப்பமுடியவில்லை.

மன்னிக்கமுடியாதவை வேறு சில. பல சுருதியில் ஊளையிடும் ஏர் ஹாரனை மோட்டார் வாகன விதிகள் தடுக்கின்றன. அதைப் பொருத்துவதோடு நில்லாமல், அதற்கான காற்றைப் பிரேக் தொட்டியிலிருந்தே குழாய் பிரித்து எடுப்பது. துணைக் கருவி ஒழுகினாலும் பிரேக்குக்குக் காற்று மிஞ்சவேண்டும் என்றுதான் நடுவே ஒரு பாதுகாப்பு வால்வை வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டிப் போகும் குழாய் தற்கொலைக் குழாய். இன்னொன்று, காற்றிழந்து நின்றுவிட்ட வண்டியில் சுருள்வில்லை போல்ட்டால் முடுக்கிச் சுருக்கிவைத்து ஓட்டிச்செல்வது. பழுதான வண்டியை இழுத்துச்செல்ல வைத்த ஏற்பாடு அது. அப்படியே மலையிறங்குபவர் 1872இன் அறத்தைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் இறங்குகிறார்.

குறிஞ்சி 12 ஆண்டுக்கொருமுறை பூக்கும் என்பதை அறியாத இலக்கிய வாசகர் இல்லை. கொடைக்கானலின் பனியையும் பைனையும் எழுதாத பயணக்கட்டுரையாளரும் அரிது. அவர்களை மேலே ஏற்றிவந்த பேருந்தின் காற்றழுத்த முள் எங்கிருக்கிறதென்று எத்தனை பேருக்குத் தெரியும்? பட்டறைக்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்பவர்களுக்கு: 1909இல் இதே மலையின் வானாய்வகத்தில்தான் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். சூரியனில் வாயு கசிவதை அளந்த மலை இது. பேருந்துத் தொட்டியில் கசிவதை அளக்க ஒரு கடிகாரமும் சோப்பு நீரும் போதும்.

சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்தது. மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று எண்ணத் தொடங்கியது நல்லதே. எண்ணுகிறவர்கள் கேரவன்களையும் சுற்றுலாப் பேருந்துகளையும் காட்ரோட்டில் ஏறுமுன் இரண்டு நிமிடம் முள்ளைப் பார்க்கவைக்கலாம். திரும்பி இறங்குமுன் கொடைக்கானலில் இன்னொரு முறை. விபத்தை எழுதும் செய்தியாளர் அடுத்த முறை கேட்கட்டும்: வண்டி எந்த கியரில் இறங்கியது, தொட்டியில் கடைசியாக ஈரம் எப்போது வடிக்கப்பட்டது, ஹாரனுக்குக் குழாய் எங்கிருந்து போயிற்று, பின் சேம்பரில் போல்ட் முடுக்கியிருந்ததா?