கர்ப்பப்பைக் கட்டியும் கையெழுத்தும்

நமது செட்டிநாட்டில் ஒரு ஸ்திரீக்குக் கணக்கின்றி உதிரம் போகுமானால் அதை முதலில் யாரிடம் சொல்லுகிறார்கள்? டாக்டரிடமா? இல்லை. "தீட்டு" என்று பின்கட்டில் ஒதுங்குகிறார்கள். அம்மனுக்கு வேண்டிக் கொள்ளுகிறார்கள். மந்திரித்த கயிறு கட்டுகிறார்கள். பர்மாத் தேக்கில் தூண் நிறுத்தி வீடு கட்டத் தெரிந்தவர்களுக்கு, அவ்வீட்டுப் பெண்ணின் உடம்பைப் பற்றி வாய்விட்டுப் பேச மட்டும் வெட்கமாம்! உடம்பில் இரத்தம் வற்றிய பிறகே காரைக்குடிக்கோ மதுரைக்கோ ஆஸ்பத்திரி தேடுகிறார்கள்.

அங்கே "கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிடலாம்" என்கிறார்கள். இக்கட்டி மிகப் பெரும்பாலும் புற்றல்ல. ஆதலால் யாரும் பீதியடைய வேண்டியதில்லை. ஆனால் சிலருக்கு அதே உருவத்தில் புற்று ஒளிந்திருக்கிறது. ஸ்கேனாலும் ஆபரேஷனுக்கு முன் அதை நிச்சயமாய்ப் பிரித்தறிய முடிவதில்லை. எடுத்ததைச் சோதித்த பின்பே தெரிகிறது. சிறு துளை ஆபரேஷனிலோ, பெரிய கட்டியை வெளியே கொண்டுவர வயிற்றுக்குள்ளேயே அதைத் துண்டு துண்டாக நறுக்கும் மார்சலேட்டர் என்ற சுழல் கத்தி உண்டு. நறுக்கப்படுவது புற்றாயிருந்துவிட்டால், வயிறெங்கும் விதை தூவியது போலத்தான்.

அமெரிக்காவில் டாக்டர் ஏமி ரீட் அம்மையாருக்கு 2013-ல் இப்படி நேர்ந்தது. ஆறு குழந்தைகளின் தாய். அவரும் கணவரும் கிளர்ச்சி செய்தார்கள். 2014-ல் அந்நாட்டு மருந்துக் கண்காணிப்பு இலாகா, கட்டிக்காக ஆபரேஷன் செய்து கொள்ளும் 350 ஸ்திரீகளில் சுமார் ஒருவருக்கு இவ்விதப் புற்று ஒளிந்திருக்கலாமென்று எச்சரித்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி அக்கருவியைத் திரும்பப் பெற்றது. அம்மையார் 2017-ல் தமது 44-வது வயதில் மாண்டார். டாக்டராயிருந்தவருக்கே இக்கதியென்றால் நம் கிராமத்துச் சகோதரிகளின் கதி என்ன?

நிற்க, இங்கே கையெழுத்துப் போடுவது யார்? புருஷன், இல்லையேல் மாமியார். 1995-ல் டெல்லியில், உதிரப்போக்குக்காகச் சோதனைக்கு வந்து மயக்கத்திலிருந்த ஒரு ஸ்திரீயின் கர்ப்பப்பையை, அவர் தாயாரிடம் சம்மதம் வாங்கி எடுத்துவிட்டார்கள். 2008-ல் சுப்ரீம் கோர்ட், அச்சம்மதம் செல்லாது. அபாயத்தையும் வேறு வழிகளையும் நோயாளிக்கே விளக்கி அவரிடமே சம்மதம் பெற வேண்டுமென்று தீர்ப்பளித்தது. தாய்க்கே இல்லாத அதிகாரம் தாலி கட்டியவனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

ஆகவே ஒவ்வொரு சகோதரியும் தாமே கேட்கட்டும்: கட்டியை முழுசாக எடுப்பீர்களா, நறுக்கியா? நறுக்குவதானால் சிதறாதபடி பைக்குள் வைத்தா? எடுத்ததைச் சோதனைக்கு அனுப்புவீர்களா? அந்த ரிப்போர்ட்டை வாங்காமல் இருக்கக் கூடாது. மாதவிடாய் நின்ற பிறகு மறுபடி உதிரம் கண்டவர்கள் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. ரிப்போர்ட்டில் புற்று என்றிருந்தாலோ, பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்து, தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-ல் ஏற்படுத்திய ஆஸ்பத்திரி அடையாற்றில் இருக்கிறது. பூசாரி வீட்டுக்குப் போகும் பணம் அங்கே போக ரயில் செலவுக்காவது ஆகும்.