மனுவில் ஏறிய மிதிவண்டி

மலாயாவில், பாடாங் செராய் உள்ளிட்ட கெடா வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில், நிர்வாகியாகிய துரைக்கும் கணக்கெழுதும் கிராணிக்கும் முன்னால் இந்தியத் தொழிலாளி பணிந்தே நிற்க நேர்ந்த காலத்தில், அவருடைய குறை லயம் எனப்படும் வரிசை வீடுகளுக்குள் முணுமுணுப்பாகவே அடங்கிப்போனது. அம்முணுமுணுப்பு எழுத்தேறினால் என்ன நேரும் என்பதை சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் 1941-ஆம் ஆண்டு நடந்த வேலைநிறுத்தம் காட்டிற்று. தமிழ் நேசன் இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முன்னின்ற அப்போராட்டத்தின் கோரிக்கைகளில், சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி ஆகியவற்றோடு, பெண் தொழிலாளர் மீதான அத்துமீறலுக்கு முடிவும், துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்லும் உரிமையும் இடம்பெற்றன. கூலியைப் பேரம் பேசி முடித்துவிடலாம். மிதிவண்டிக் கோரிக்கையை அவ்வாறு முடிக்க இயலாது, ஏனெனில் தோட்டத்து வழக்கம் என்று அதுவரை சகிக்கப்பட்ட ஒன்றை அந்த ஒரு வரி, மனிதருக்கு இழைக்கப்படும் இழிவாக அதிகாரத்தின் மேசைமீது வைத்துவிட்டது. தோட்ட வரலாற்றை எழுதுவோர் கூலிக் கணக்கிற்குத் தரும் இடத்தை இவ்வரிக்குத் தராதது பெருங்குறையே. காலனி அரசு நாதனைக் கைதுசெய்து நாடு கடத்தியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். ஆனால் கள்ளுக்கடையை மூடு என்ற குரல் அத்துடன் ஓயவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கெடாவின் பீடோங்கில், ஹார்வர்டு தோட்டத்து ஏ. எம். சாமியின் தலைமையில் திரண்ட தொண்டர் படை, 1947-இல் அதே கோரிக்கையோடு காவல்துறையை எதிர்கொண்டது.