பெரிய நிறுவனத்தின் வாசலில் நம் பிள்ளைகள்



கல்லூரித் தேர்வு முடிவுகள் வெளிவரும் மாதங்களில் நம் ஆராதனையின் சாட்சி வேளை சற்றே நீளுகிறது. தருமபுரியிலும் அரூரிலும் பென்னாகரத்திலும் வளர்ந்த பிள்ளைகள், குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாகப் பெங்களூருவுக்கும் சென்னைக்கும் புறப்படுகிறார்கள். சிலருக்குப் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களிலிருந்து நியமனக் கடிதம் வருகிறது. பெற்றோர் எழுந்து நின்று நிறுவனத்தின் பெயரைச் சொல்லும்போது சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொல்கிறது. அது தகுதியான ஸ்தோத்திரமே. ஆயினும், நாம் எதற்காக நன்றி சொல்கிறோம் என்பதை இந்த வாரம் சற்று நின்று சிந்திக்க விரும்புகிறேன்.

பிள்ளைக்கு ஒரு தொழில் கிடைத்ததற்காக நன்றி சொல்கிறோமென்றால் நல்லது. "இனி வாழ்நாளுக்குக் கவலையில்லை" என்பதற்காக நன்றி சொல்கிறோமென்றால், அந்த நன்றி தவறான அஸ்திவாரத்தின்மேல் நிற்கிறது. பெரிய நிறுவனம் நல்லதொரு பள்ளிக்கூடம். அதை அடைக்கலமான அரண் என்று எண்ணிவிடக் கூடாது. இதுவே என் கருத்து.

நாம் கண்ணாரக் கண்ட காரியங்களே இதற்குச் சாட்சி. 1999-இல் தமிழகத்தில் சேவையைத் தொடங்கிய ஏர்செல், கிராமத்துப் பெட்டிக்கடைவரை பெயர் பெற்றிருந்தது. 2018 பிப்ரவரியில் அதன் அலைவரிசை அடங்கியது. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள மக்கள் அலைந்தார்கள். அந்த மாத இறுதியிலேயே நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அரசின் தொலைபேசித் துறையிலிருந்து 2000 அக்டோபரில் தனி நிறுவனமாகப் பணியேற்ற பி.எஸ்.என்.எல்.-இல் வேலை என்றால், ஒரு காலத்தில் அதற்குமேல் கேள்வி இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் சந்தையின் கட்டணங்களே மாறிப்போயின. 2020 ஜனவரி 31 அன்று, விருப்ப ஓய்வுத் திட்டத்தின்கீழ் பி.எஸ்.என்.எல். ஊழியர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர், அதாவது 78,000-க்கும் மேற்பட்டோர், ஒரே நாளில் விடைபெற்றார்கள். தலைமுறைகளாக நம் வீடுகளுக்கு நற்செய்தியையும் துக்கச் செய்தியையும் கொண்டுவந்த தந்திச் சேவையும் 2013 ஜூலையில் நின்றுபோயிற்று.

இவற்றைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அதே பி.எஸ்.என்.எல்., உள்நாட்டிலேயே உருவான தொழில்நுட்பத்தைக் கொண்டு 2025 செப்டம்பரில் 4ஜி சேவையை நாடு முழுவதும் தொடங்கியிருக்கிறது. நிறுவனங்கள் விழும், எழும், ஒன்றோடொன்று இணையும். அப்படியானால் அவற்றுக்குள் செல்லும் வாலிபன் எதைப் பற்றிக்கொண்டு நிற்பான்?

தானியேலை நினைத்துப் பாருங்கள். எருசலேமிலிருந்து கொண்டுபோகப்பட்ட அந்த வாலிபர்கள், அந்நாளின் மிகப்பெரிய அரண்மனையில் மூன்று வருடப் பயிற்சிக்கு வைக்கப்பட்டார்கள். கல்தேயரின் மொழியையும் கல்வியையும் தானியேல் மறுக்கவில்லை, ஊன்றிக் கற்றான். அவனுக்குப் புதுப்பெயர் இட்டார்கள். அந்தப் பெயரோடே பணிசெய்தான். ஆனால் ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்துவதில்லை என்று உள்ளத்தில் தீர்மானித்தான். எதை ஏற்பது, எதை மறுப்பது என்று பகுத்தறிந்ததே அவனுடைய ஞானம்.

வேலைக்குச் செல்லும் தம்பிகளே, தங்கைகளே, முதலாவது ஏற்க வேண்டியதைச் சொல்கிறேன். கற்றுக்கொள்ளுங்கள். கோபுரத்தின்கீழ் மின்கலங்களைச் சோதிக்கும் பணியோ, இரவு முழுவதும் கணினித் திரையில் வலையமைப்பைக் கண்காணிக்கும் பணியோ, வாடிக்கையாளரின் கோபத்தைக் கேட்கும் பணியோ, எதுவும் அற்பமல்ல. தகவல்தொடர்பு எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி சேவை கொண்டுசெல்லும் திட்டத்துக்கு 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் உறவினர் உள்ளவர்களுக்கு அந்த எண்ணிக்கையின் பொருள் புரியும். பிரசவ வேதனையில் இருக்கும் ஒரு தாய்க்காக 108-ஐ அழைக்கும் வேளையில் சிக்னல் இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல. பெயர் தெரியாத ஒருவருக்கு நீங்கள் செய்யும் ஊழியம் அது.

இனி மறுக்க வேண்டியது. பட்டதாரிகள் பலர் விற்பனைப் பிரிவிலும் அமர்த்தப்படுகிறார்கள். மாத இறுதி வரும், இலக்கு எட்டியிருக்காது. ஒருவர் கொடுத்த ஆதார் நகலைக் கொண்டு அவர் அறியாமலே இன்னொரு இணைப்பைத் தொடங்கிவிடலாம் என்று யாரேனும் காதோரம் சொல்லக்கூடும். "எல்லாரும் செய்வதுதான்" என்பார்கள். அங்கேதான் ராஜாவின் பந்தி விரிக்கப்பட்டிருக்கிறது. அப்படித் திறக்கப்பட்ட எண்ணே நாளை ஒரு முதியவரின் சேமிப்பைச் சுருட்டும் மோசடிக்காரனின் கையில் இருக்கும். ஆள்மாறாட்டம் செய்து சிம் பெறுவதற்கு, 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் மூன்று ஆண்டுவரை சிறையும் 50 லட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது களவே.

மறுக்கும் விதத்தையும் தானியேலிடம் கற்றுக்கொள்ளுங்கள். அவன் கூச்சலிடவில்லை. தனக்குமேல் இருந்த அதிகாரிக்கு நேரிடக்கூடிய ஆபத்தையும் எண்ணிப் பார்த்து, பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று தாழ்மையாய் வேண்டினான். மேலாளரிடம் "செய்யமாட்டேன்" என்பதோடு நிறுத்தாமல், "நேர்வழியில் இதைச் செய்து காட்டுகிறேன், அவகாசம் தாருங்கள்" என்று கேளுங்கள். அதற்கும் இணங்காத இடமானால், அந்த வேலையை விட்டு வருவது அவமானமல்ல.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நியமனக் கடிதத்தைப் பிள்ளையோடு அமர்ந்து நிதானமாய் வாசியுங்கள். கையொப்பமிட்டிருப்பது அந்தப் பெரிய நிறுவனமா, அதற்கு ஆள் அனுப்பும் ஒப்பந்த நிறுவனமா? தகுதிகாண் காலம் எத்தனை மாதம்? ஆண்டுச் சம்பளம் என்று எழுதியிருக்கும் தொகைக்குள் நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்கும் பணிக்கொடையும் ஊக்கத்தொகையும் அடங்கியிருக்கலாம். கைக்கு வருவது அதனினும் குறைவு. அப்ரண்டிஸ் என்று எழுதியிருந்தால், பயிற்சி முடிந்தபின் வேலை தர வேண்டும் என்ற பொதுவான கட்டாயம் சட்டத்தில் இல்லை. வேலை வாங்கித் தருவதாகவோ நிலத்தில் கோபுரம் அமைத்து வாடகை தருவதாகவோ முன்பணம் கேட்பவர் எவராயினும், கதவைச் சாத்திவிடுங்கள்.

அந்த முதல் சம்பளத்தை நம்பி வீட்டுக் கடனும் கல்யாணக் கடனும் வாங்காதீர்கள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் தோளில் இருபது வருடத் தவணையை ஏற்றிவிட்டால், அநியாயத்துக்கு "மாட்டேன்" என்று சொல்லும் சுதந்திரத்தை அவனிடமிருந்து பறித்துவிடுகிறோம். தவணைக்குப் பயந்தவன் இலக்குக்கும் பயப்படுவான். பிள்ளையின் நேர்மைக்காக ஜெபிக்கிற வீடு, அந்த நேர்மைக்கு இடமளிக்கிற வீடாகவும் இருக்க வேண்டாமா?

சபையாகிய நமக்கும் கடமை உண்டு. தொலைத்தொடர்பு வலையமைப்பு ஞாயிற்றுக்கிழமையும் உறங்குவதில்லை. அதைக் காக்கும் பிள்ளைகள் முறைப்பணியில் இருப்பார்கள். ஆராதனைக்கு வராதவனைப் பார்த்து, "பட்டணம் போய் மாறிவிட்டான்" என்று பேசாதிருப்போம். இரவுப் பணி முடித்துத் தன் அறையில் தனித்திருப்பவனை அழைத்து, சாப்பிட்டாயா என்று கேட்போம். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பெரிய பெயரைச் சொல்லி ஒரு தாய் சாட்சி சொல்லும்போது, திருப்பூர் பனியன் கம்பெனியில் மகனை வைத்திருக்கும் தாய் பின்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறாள். பட்டம் பெற்றும் வேலை கிடைக்காத மகள் அவளுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். அவர்களுக்கும் சாட்சி உண்டு. அதைக் கேட்க நாம் காத்திருக்கிறோம் என்று அவர்கள் அறியாதவரை, நம் ஸ்தோத்திரத்தில் ஏதோ குறைவுபடுகிறது.

தானியேலைப் பயிற்றுவித்த பாபிலோன் ராஜ்யம் அவன் வாழ்நாளிலேயே வீழ்ந்தது. அவனோ கோரேஸ் ராஜாவின் காலமட்டும் நிலைத்திருந்தான். அடையாள அட்டையின் நிறம் மாறலாம். நிறுவனத்தின் பெயர்ப்பலகையே இறக்கப்படலாம். கற்ற தொழிலும் காத்த மனச்சாட்சியும் பிள்ளையோடு வரும். இந்த வாரம் வேலைக்குப் புறப்படும் நம் பிள்ளைகளுக்காக ஜெபிக்கையில், பெரிய சம்பளத்தோடு இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்போம்.

உங்கள் போதகர்