முகவரி இல்லாதவர்களைக் குறிவைக்கும் குறுஞ்செய்தி

முகவரி முழுமையாக இல்லாததால் உங்கள் பொதியை விநியோகிக்க முடியவில்லை, இந்த இணைப்பில் விபரங்களைப் பதியுங்கள். தபால் திணைக்களத்தின் பெயரில் சில ஆண்டுகளாக வரும் போலிக் குறுஞ்செய்திகளின் சாரம் இதுதான். இணைப்பைத் திறந்தால் சிறு கட்டணம் கேட்கும். வங்கி அட்டை இலக்கத்தையும் ஓ.டி.பி.யையும் கொடுத்தால் கணக்கு காலியாகிவிடும்.

ஏமாந்தவர்களை 'விபரம் தெரியாதவர்கள்' என்று ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. எல்ல, பதுளைப் பகுதித் தோட்ட லயன்களில் பலருக்குத் தனி முகவரியே இல்லை. கடிதங்கள் தோட்டத்து அலுவலகம் வழியாகத் தாமதமாக வந்ததும், வராமலே போனதும் தலைமுறைகளாகக் கண்ட அனுபவம். அவர்களுக்கு 'முகவரி போதாது' என்ற பொய், பழகிப்போன உண்மையாகவே தெரியும். முகாமுக்கு முகாம் இடம்பெயர்ந்த வடக்கு, கிழக்கு மக்களுக்கும் இது புரியும்.

அடுத்தது மொழி. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனாலும் வங்கிக் குறுஞ்செய்திகள் பல ஆங்கிலத்திலேயே வருகின்றன. 'யாருக்கும் காட்டாதீர்கள்' என்ற எச்சரிக்கையை வாசிக்கவே இன்னொருவரிடம் காட்ட வேண்டியிருக்கிறது.

குறுஞ்செய்தி இணைப்பில் பணம் கேட்டால் செலுத்தாதீர்கள். தபால் நிலையத்தில் நேரில் விசாரியுங்கள். அட்டையின் பின்பக்க மூன்று இலக்கங்களையும் ஓ.டி.பி.யையும் எவருக்கும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் உடனே வங்கிக்கு அழைத்து அட்டையை முடக்குங்கள். பின்னர் பொலிஸில் முறையிடுங்கள். இலங்கை சேர்ட் நிறுவனத்தின் இலக்கம் 101.

மக்கள் கவனமாக இருக்க வேண்டும்தான். லயன் வீட்டுக்கு முகவரியும் தமிழில் வங்கிச் செய்தியும் கொடுப்பது யார் பொறுப்பு?