காசுக்கு விலை உண்டு, மரியாதைக்கு?

பழைய நாணயக் கண்காட்சி என்றால் பெங்களூரில் கூட்டத்துக்குக் குறைவில்லை. கே.ஜி. ரோட்டிலுள்ள சிக்ஷகர சதன் போன்ற மண்டபங்களில் இரண்டு மூன்று நாள் மேஜை போட்டால் பல மாநில டீலர்களும் வந்து இறங்கிவிடுவார்கள். வெல்வெட் தட்டுகளில் திப்புவின் யானைக் காசு, சோழர் செப்புக் காசு, விக்டோரியா மகாராணி, ஐந்தாம் ஜார்ஜ் என்று எல்லோரும் வரிசையாகப் படுத்திருப்பார்கள். காசுகளுக்கு நல்ல மரியாதை. பார்க்க வருபவர்களுக்கு அது மேஜைக்கு மேஜை மாறும்.

"வாங்கறதா இருந்தா மட்டும் தொடுங்க." "சார், இதெல்லாம் உங்க பட்ஜெட் இல்ல, அந்தக் கடைசி மேஜையில பாருங்க." "விலை கேட்டுட்டுப் போறதுக்கு நூறு பேர் வர்றாங்க." தமிழ், கன்னடம், இந்தி எந்த மொழியில் சொன்னாலும் தொனி ஒன்றுதான். வசதியான சேகரிப்பாளர் இதைச் சிரித்துக்கொண்டே தாண்டிவிடுவார். அடுத்த மேஜையில் அவருக்கு நாற்காலி போட்டு டீ வாங்கித் தருவார்கள். அடி விழுவது முதல் தடவை வருகிறவருக்கு.

உதாரணத்துக்கு ஈஜிபுரா. கோரமங்கலாவின் பகட்டுக்கும் விவேக்நகரின் சந்தடிக்கும் நடுவில், தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் பகுதி. 2013 ஜனவரியில் இங்கே ஏழைகளுக்கான மாநகராட்சிக் குடியிருப்பை இடித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை வெளியேற்றினார்கள். இப்படிப்பட்ட இடத்தில் பாட்டி விட்டுப்போன டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பத்து வெள்ளி ரூபாய் வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஒரு வருட ஸ்கூல் ஃபீஸாக இருக்கலாம், ஒரு ஆபரேஷன் செலவாக இருக்கலாம். அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஒரு பெண் கண்காட்சி மேஜை முன்னால் வந்து நிற்கும்போது, "என்னம்மா, எல்லாம் தேய்ஞ்சு போனது, கிலோ கணக்குதான்" என்று ஒருவர் எகத்தாளமாகச் சொன்னால், அவருக்கு முதலில் வருவது கோபமல்ல, கூச்சம். கூசிப்போனவர் அடுத்த மேஜைக்குப் போக மாட்டார். சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவார்.

சிடுசிடுப்பை வெறும் குணக்கேடு என்று ஒதுக்கிவிட முடியாதது இதனால்தான். சில மேஜைகளில் அது பேரம் பேசும் முறை. விற்க வருபவரை அவசரப்படுத்தும், வாங்க வருபவரைக் கேள்வி கேட்க விடாது. "உங்களுக்கு ஒண்ணும் தெரியலையே" என்று ஏளனம் செய்த பிறகு, அந்தக் காசு அசலா என்று கேட்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

டீலர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மேஜை வாடகை, ரயில் டிக்கெட், லாட்ஜ் செலவு எல்லாம் போட்டுத்தான் வருகிறார்கள். பார்க்கிற சாக்கில் ஒரு காசை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. இது போதாதென்று, வைஷ்ணவ தேவி படம் போட்ட 2012ஆம் வருட ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் விலை என்று செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு வந்து நிற்கும் கூட்டம். லட்சங்களில் அச்சிட்ட புழக்கக் காசு அது. இந்த மோசடி எவ்வளவு பரவியது என்றால், பழைய நோட்டு, நாணயம் வாங்குவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்க வேண்டியிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1818இல் ராமர் பட்டாபிஷேகக் காசு அடித்தது என்று சொல்லி விற்பதும் இதே ரகம். கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. ஒரே நாளில் ஐம்பது பேரிடம் இதைச் சொன்ன டீலர், ஐம்பத்தொன்றாவது ஆளிடம் எரிந்து விழுவது ஆச்சரியமில்லை. ஆனால் அந்த ஐம்பத்தொன்றாவது ஆள் கொண்டு வந்தது நிஜமாகவே நல்ல காசாக இருக்கலாம்.

ஏளனத்துக்குப் பதில் ஏளனம் அல்ல, கணக்கு. பிரிட்டிஷ் இந்தியாவின் வெள்ளி ரூபாய்க்கு எடை 11.66 கிராம். 1939 வரை அதில் 91.7 சதவீதம் வெள்ளி. அதாவது ஒரு காசில் ஏறக்குறைய 10.7 கிராம் சுத்த வெள்ளி. 1940 முதல் 1945 வரை வந்தவற்றில் பாதிதான், 5.83 கிராம். 1947 ரூபாய் நிக்கல். காந்தம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். வெள்ளி ஒட்டாது. அன்றைய வெள்ளி விலையை இதோடு பெருக்கிப் பார்த்துவிட்டுப் போனால், எவ்வளவு தேய்ந்த காசானாலும் அதன் அடிமட்ட மதிப்பு தெரிந்துவிடும். அதற்கும் மிகக் கீழே கேட்கும் மேஜையில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

அடிமட்ட மதிப்புக்கு மேல் எவ்வளவு என்பதை வருடமும் நிலையும் தீர்மானிக்கும். 1911 ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, அரசு அந்தக் காசைத் திரும்பப் பெற்றது. இன்று 'பன்றி ரூபாய்' என்ற பெயரில் அதைத் தேடுகிறார்கள். 1939 ரூபாய் மிக அரிது. அதனாலேயே 1938இன் கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கிய போலிகளும் வந்தன. இன்னொன்று, காசைப் புளி போட்டோ விபூதி வைத்தோ தேய்த்து மினுக்கக் கூடாது. குத்துவிளக்குக்குச் சரி, பழைய காசுக்கு அதுவே எமன். "தேய்ச்சுக் கெடுத்துட்டீங்களேம்மா" என்று ஒரு டீலர் தலையில் அடித்துக்கொண்டால், அந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது உண்மை.

மேஜை நாகரிகம் இரு பக்கத்துக்கும் பொது. "பார்க்கலாமா?" என்று கேட்டு எடுப்பது, விளிம்பைப் பிடித்துத் தட்டுக்கு மேலேயே வைத்துப் பார்ப்பது, ஒரு நேரத்தில் ஒரு காசு, மற்றவர் பேரத்தில் தலையிடாமை. இவற்றைக் கடைப்பிடிப்பவரிடம் பாதி டீலர்கள் தாமாகவே இறங்கி வந்துவிடுகிறார்கள். விற்கப் போகிறவர் வீட்டிலேயே இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும். காசுகள் கண்ணை விட்டு மறையக் கூடாது. குறைந்தது மூன்று மேஜையில் விலை கேட்காமல் கொடுக்கக் கூடாது. வாங்கப் போகிறவர் சட்டைப் பையில் ஒரு லென்ஸ், ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு. தராசை எடுத்ததும் முகம் சுளிக்கும் டீலரிடமிருந்து காசைத் திருப்பிக் கொடுத்து, நன்றி சொல்லி நகர்ந்துவிடுவது உத்தமம்.

மிக முக்கியமானது பில். "கண்காட்சியில பில்லெல்லாம் கிடையாது" என்பது அடிக்கடி காதில் விழும் வசனம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்கு ரசீது தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன கெடுவுக்குள்ளும், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. வருடம், உலோகம், எடை, விலை நான்கையும் எழுதி வாங்கிவிட்டால், போலி என்று தெரியவரும்போது சண்டை போட வேண்டியதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. தவிர, நூறு வருடத்தைத் தாண்டிய காசு 1972 சட்டப்படி தொல்பொருள். அதை விற்பதைத் தொழிலாகக் கொண்டவருக்கு லைசென்ஸ் வேண்டும். அதனால் "எங்கே கிடைத்தது?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ளாதே என்று எந்தச் சட்டமும் சொல்லாது. அங்கேதான் சங்கங்கள் வர வேண்டும். 1891இல் தொடங்கிய அமெரிக்க நாணயவியல் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு நடத்தை விதிகள் வைத்திருக்கிறது. 1955இல் அங்கே டீலர்கள் தாங்களே அமைத்துக்கொண்ட கில்டு, வாடிக்கையாளருடன் தகராறு வந்தால் நடுவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டும் என்கிறது. காசின் தரத்தை டீலர் வாயால் சொல்லும் நிலைமையும் 1986, 1987க்குப் பிறகு மாறியது. பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற தனி நிறுவனங்கள் காசைச் சோதித்து, தரம் போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரத் தொடங்கின. இங்கே மேஜை ஒதுக்குபவர் கண்காட்சி அமைப்பாளர். புகார் எழுதித் தர வாசலில் ஒரு பெட்டியும், தொடர்ந்து புகார் வரும் டீலருக்கு அடுத்த வருடம் மேஜை இல்லை என்ற ஒரு வரியும் இருந்தால் நிறையக் குரல்கள் தணியும்.

நஷ்டம் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் மட்டுமல்ல. சங்க கால மன்னர்கள் சொந்தமாகக் காசு வெளியிட்டார்களா என்ற சந்தேகம் அறிஞர்களிடையே நீண்ட காலம் இருந்தது. அதைத் தீர்த்ததில் பெரும் பங்கு ஒரு சேகரிப்பாளருடையது. 2021இல் மறைந்த 'தினமலர்' ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி, 1980களில் வியாபாரிகளிடம் வாங்கிய அழுக்குக் காசுகளைப் பொறுமையாகச் சுத்தம் செய்து, 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த பாண்டியர் காசை அடையாளம் கண்டார். கரூர் அமராவதி ஆற்றுப் படுகையிலிருந்து மாக்கோதை, கொல்லிப்பொறை பெயர் பொறித்த சேரர் காசுகளும் வெளிச்சத்துக்கு வந்தன. ஆற்றில் பொறுக்கியவரையோ பழங்காசு விற்ற சிறு வியாபாரியையோ யாராவது முன்பே "செல்லாக் காசு, போய்யா" என்று விரட்டியிருந்தால் அவை உலைக்குப் போயிருக்கும்.

பெங்களூரின் மண்ணுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். யஷ்வந்த்பூரிலும், ஈஜிபுராவிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியுள்ள எச்.ஏ.எல். பகுதியிலும் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்திருக்கின்றன. அடுத்த கண்காட்சிக்குப் பத்து வயதுப் பையன் ஒருவன் ஒரு ரூபாயைக் கொண்டு வந்து, வருடத்துக்குக் கீழே ஏன் நட்சத்திரம் என்று கேட்பான். ஹைதராபாத் நாணயச் சாலையின் குறி அது என்று சொல்ல அரை நிமிடம் போதும். பதிலுக்குக் கிடைப்பது முப்பது வருட வாடிக்கையாளர். தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல்தான், நாணயம். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் முதலாவதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். முன்னால் நிற்பவர்கள் இரண்டாவதைப் பார்க்க அது தேவைப்படுவதில்லை.