டீன் பதவியும் நிர்வாகப் படிப்பும்

1835-ல் பள்ளியாகத் தோன்றிய சென்னை மருத்துவக் கல்லூரிக்கு முதல் இந்திய பிரின்ஸ்பலாக டாக்டர் ஏ. லக்ஷ்மணஸ்வாமி முதலியார் அமர்ந்தது 1939-ல்தான். நூறு வருஷ காலம் நம்மவர் நோயைத் தீர்க்கலாம், ஆஸ்பத்திரியை ஆளலாகாது என்றிருந்தது. இன்று அத்தடை இல்லை. ஆனால், ஆளும் வித்தையை நம்மவருக்குக் கற்பிக்கிறோமா?

தர்மபுரியைப் பாருங்கள். அங்கே 2008-ல் ஏற்பட்ட சர்க்கார் மருத்துவக் கல்லூரிக்கும் அதன் ஆஸ்பத்திரிக்கும் டீன் ஒருவரே தலைவர். பல்லாண்டு சிகிச்சையும் போதனையும் செய்தவர் சீனியாரிட்டிப்படி அந்த நாற்காலிக்கு வருகிறார். வந்த அன்றே மருந்துக் கையிருப்பு, நர்ஸுகளின் முறைவேலை, கணக்குத் தணிக்கை, கட்டிட ரிப்பேர் யாவும் அவர் தலையில் விழுகின்றன. பொதுச் சுகாதார இலாகாவிலோ, ஜில்லா அதிகாரியாக உயர விரும்பும் டாக்டர் அதற்கெனத் தனிப் படிப்புத் தேறவேண்டும். 2017-ம் வருஷத்து தேசிய சுகாதாரக் கொள்கை, எல்லா ராஜ்யங்களிலும் பொதுச் சுகாதார நிர்வாகத்துக்குத் தனி உத்தியோகப் பிரிவு வேண்டுமென யோசனை கூறிற்று. சிகிச்சைத் துறைக்கு மட்டும் விலக்கு ஏன்?

சீனியாரிட்டி கூடாதென்பது நம் வாதமல்ல. அது போனால் சிபார்சு புகும். அதோடு படிப்பும் சேரட்டும் என்கிறோம். அதே ஜில்லாவில், சிட்லிங்கி மலைப் பள்ளத்தாக்கில் 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா தம்பதிகள் குடிசையில் தொடங்கிய ஆஸ்பத்திரி, மலைவாசிப் பெண்களையே சிகிச்சைப் பணிக்குப் பழக்கி வளர்ந்தது. டீனாகப் போகும் புரொபஸர்களுக்குச் சம்பளத்துடன் ஓராண்டு விடுப்புத் தந்து, நிர்வாகப் பட்டத்துக்குப் படிக்கவும், இத்தகைய இடங்களில் சில மாதம் இருக்கவும் செய்யலாம். புதுச் சட்டம் வேண்டியதில்லை. சர்க்கார் உத்தரவொன்று போதும்.